முதலாம் எலிசபெத் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை?

தாழைக்கரை:

போன வாரம் இங்கிலாந்தின் டியூடர் வம்சக் காலத்து நாடகத் தொடர் ஒன்றை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். ராணி எலிசபெத் உள்ளூர்ப் பிரபு ராபர்ட் டட்லியை விரும்புகிறார், சேர முடியவில்லை, கடைசி வரை தனியாகவே இருந்துவிடுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. 25 வயதில் பட்டத்துக்கு வந்து 44 வருடம் ஆண்டவர், ஒரு காதல் கைகூடாததற்காக ஒரு வம்சத்தையே முடிந்துபோக விட்டிருப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேனா:

டட்லியைப் பிறகு பார்ப்போம், தாழைக்கரை. 1558 நவம்பர் 17 அன்று, அக்கா மேரி இறந்து இவர் ராணியானபோது நிலவரம் என்ன? முதல் சிக்கல் இவருடைய பிறப்பு. 1533இல் பிறந்தார். 1536இல் தாய் ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டது. அதே வருடம் நாடாளுமன்றம் இவரை முறையான மகள் இல்லை என்று சட்டம் போட்டது. 1544இல் வந்த இன்னொரு சட்டம் வாரிசு வரிசையில் இவரைத் திரும்பச் சேர்த்தது. முறையற்றவர் என்ற சொல்லை மட்டும் துடைக்கவில்லை. அப்பா எட்டாம் ஹென்றி முதல் மனைவியோடு செய்த விவாகரத்தையே ஏற்காத கத்தோலிக்கர்களுக்கு இவர் வைப்பாட்டி மகள். அவர்கள் பார்வையில் உண்மையான வாரிசு ஹென்றியின் அக்கா மார்கரெட்டின் பேத்தி, ஸ்காட்லாந்து ராணி மேரி. அந்த மேரி அப்போது பிரான்ஸ் இளவரசரின் மனைவி வேறு.

ஆக, பிள்ளை பெற்று வம்சத்தை நிலைநிறுத்த வேண்டிய அவசரம் இவருக்கு மற்ற எவரையும்விட அதிகம். 1559இலேயே நாடாளுமன்றம் வந்து திருமணம் செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சியது. அதற்கு இவர் சொன்ன பதில் புகழ்பெற்றது: இன்ன காலம் ஆண்டு, கன்னியாகவே வாழ்ந்து மறைந்தாள் என்று ஒரு பளிங்குக் கல் சொன்னால் எனக்கு அது போதும். அன்று அதை யாரும் நம்பவில்லை. வரன் பார்க்கும் வீட்டில் பெண் “எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்” என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கண் முன்னால் ஒரு பாடம் இருந்தது, அக்காவின் கல்யாணம். 1554இல் மேரி ஸ்பெயின் இளவரசர் ஃபிலிப்பை மணந்தார். ஒப்பந்தத்தை எவ்வளவு கவனமாக எழுதினார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் பதவிகளை ஃபிலிப் வெளிநாட்டவருக்குக் கொடுக்கக் கூடாது, தன் போர்களில் நாட்டை இழுக்கக் கூடாது, மேரி பிள்ளையில்லாமல் இறந்தால் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. இத்தனையும் எழுதியும் கல்யாணத்துக்கு முன்பே கென்ட் பகுதியில் வயாட் தலைமையில் கலகம். அந்தச் சந்தேகத்தில் எலிசபெத்தே லண்டன் டவரில் அடைபட்டார். ஒப்பந்தம் தாளில் இருந்தது. 1557இல் ஃபிலிப்புக்காக நாடு பிரான்சோடு போருக்குப் போனது, 1558 ஜனவரியில் பிரான்சில் இங்கிலாந்து வைத்திருந்த கலே நகரம் பறிபோனது. நாணயத்தில் இருவர் தலையும் எதிரெதிரே. கணவர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் இவருக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

மிளகுத்தூள்:

வேடிக்கை என்னவென்றால், 1559இல் அதே ஃபிலிப் இவரையும் பெண் கேட்டார். அக்கா போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

சாளரம்:

பேனா ஐயா சொல்வது அரசியல் காரணம். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று வயது நிறைவதற்குள் அம்மாவை அப்பாவே கொல்கிறார். எட்டு வயதில் சித்தி கேத்தரின் ஹோவர்ட் அதே மாதிரி. 15 வயது ஆகும்போது தாமஸ் சீமோர் விவகாரம். இன்னொரு சித்தி கேத்தரின் பாரின் புருஷன், இவரிடம் எல்லை மீறினார் என்று விசாரணை, 1549இல் அவர் தலையும் போனது. இந்தப் பெண் ஆண்களையும் திருமணத்தையும் நம்பாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

நெய்தல்:

சாளரம், மனக்காயம் இருந்திருக்கலாம். ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்குவது எனக்கு உறுத்துகிறது. ஆண் ராஜாவாக இருந்தால் கணக்குப் போட்டார் என்போம், பெண் என்றால் பயந்தார் என்போம்.

பயம் என்றே வைத்துக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரிந்த பயம் ஒன்று இருக்கிறது, பிரசவம். தம்பி எட்வர்டைப் பெற்ற ஜேன் சீமோர் 1537இல் பன்னிரண்டு நாளில் இறந்தார். தன்னை வளர்த்த சித்தி கேத்தரின் பார் 1548இல் பெண் குழந்தை பெற்று ஒரு வாரத்தில் போய்விட்டார். அக்கா மேரிக்கு 1555இல் வயிறு பெருத்தது, தொட்டில் தயாரானது, மாதங்கள் கடந்தன, குழந்தை இல்லை. “கல்யாணம் பண்ணு, வாரிசு வரும்” என்பது அரண்மனை ஆண்களுக்கு எளிய வாக்கியம். ராணி பிரசவத்தில் இறந்து கைக்குழந்தை மிஞ்சினால் ஆள்வது யார்? குழந்தையின் அப்பா. அவர் வெளிநாட்டவராக இருந்தால்? வாரிசுப் பிரச்சினைக்குக் கல்யாணம்தான் மருந்து என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மருந்தே ஆளைக் கொல்லலாம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கோட்டைவாசல்:

டட்லி கதையைத் தொடர்கள் பாதிதான் சொல்லும். அவர் ஏற்கெனவே கல்யாணமானவர். மனைவி ஏமி ராப்சார்ட். 1560 செப்டம்பர் 8, ஆக்ஸ்ஃபர்ட் பக்கம் கம்னர் பிளேஸ் என்ற வீட்டில் மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். விசாரணைக் குழு விபத்து என்றது. பிரேத விசாரணை அறிக்கை 2008இல்தான் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. தலையில் இரண்டு காயங்கள் என்று அதில் இருக்கிறது. வீழ்ந்தாலும் காயம் படும், அடித்தாலும் படும். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

முடிவு எதுவானாலும் டட்லிக்கு அன்றே கதவு மூடிவிட்டது. மனைவி செத்ததால் வழி திறந்தது என்று வெளியாட்கள் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. இனி அவரை மணந்தால் கொலைக்கு ராணியும் உடந்தை என்று ஐரோப்பா முழுக்கப் பேசும். ஏமி நோயில் படுத்து மெதுவாக இறந்திருந்தால் டட்லிக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. சொல்லக் கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளூர்ப் பிரபுவை மணந்தால் மற்றப் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? டட்லியின் அப்பாவும் தாத்தாவும் துரோகிகள் என்று தலை வெட்டப்பட்டவர்கள்.

தாழைக்கரை:

அருமை. எல்லோருக்கும் நன்றி. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் நாடு போகும், உள்நாட்டு மாப்பிள்ளை என்றால் சண்டை, பிரசவம் என்றால் உயிருக்கு ஆபத்து. சரி, கல்யாணம் வேண்டாம் என்றதைப் புரிந்துகொண்டேன்.

அப்புறம் இன்னொரு கேள்வி வருகிறதே. பிள்ளை இல்லாத ராஜாக்கள் தம்பியையோ மருமகனையோ வாரிசு என்று அறிவிப்பதில்லையா? “எனக்குப் பின் இன்னார்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நாடாளுமன்றம் வாயை மூடியிருக்கும். அதை ஏன் செய்யவில்லை?

பழைய பேனா:

இதுதான் சரியான கேள்வி. முதல் கேள்வியைவிட இதற்குத்தான் ஆதாரம் அதிகம், ஏனென்றால் காரணத்தை அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

1561இல் ஸ்காட்லாந்து மேரி தன் அமைச்சர் மெய்ட்லண்டை அனுப்பி, என்னை வாரிசு என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டார். எலிசபெத் மறுத்தார். மக்கள் அஸ்தமிக்கும் சூரியனை விட்டு உதிக்கும் சூரியனைத்தான் கும்பிடுவார்கள் என்றார். என் சவத்துணியை நானே விரும்புவேனா என்றும் கேட்டார். இது கவிதைக்குச் சொன்னது இல்லை. அக்கா ஆண்டபோது “அடுத்தவர்” என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது இவர்தான். அதிருப்தி கொண்டவர்கள் எல்லாம் இவர் இருந்த ஹாட்ஃபீல்ட் வீட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சதியிலும் இவர் பெயர் அடிபட்டது, இவர் ஒன்றும் செய்யாமலேயே. அடுத்த வாரிசு என்ற பெயரே ஒரு கட்சியை உண்டாக்கிவிடும் என்பதை டவரில் இருந்து கற்றவர்.

யாரை அறிவிப்பது என்பதும் சிக்கல்தான். ஹென்றி தன் உயிலில் அக்கா மார்கரெட்டின் ஸ்காட்லாந்து வழியை விட்டுவிட்டு, தங்கை மேரியின் சஃபோக் வழிக்கு அரியணையைக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கில் 1558க்குப் பின் அடுத்தவர் கேத்தரின் கிரே, ஒன்பது நாள் ராணி ஜேன் கிரேயின் தங்கை. இரத்த முறையில் பார்த்தால் ஸ்காட்லாந்து மேரி. அவருக்கு எதிராக இரண்டு வாதங்கள்: உயில், அப்புறம் வெளிநாட்டில் பிறந்தவர் இங்கிலாந்தில் நிலம் வாரிசாகப் பெற முடியாது என்ற பொதுச் சட்டம். நிலமே கிடைக்காதவருக்கு நாடு எப்படிக் கிடைக்கும் என்றார்கள் வக்கீல்கள். ஸ்காட்லாந்துக் கட்சி சும்மா இருக்குமா? சட்டம் ராஜாவின் கையெழுத்து வேண்டும் என்கிறது, உயிலில் இருப்பது முத்திரை அச்சுதான், ஆகவே செல்லாது என்றது.

மிளகுத்தூள்:

சொத்துத் தகராறு வழக்கு மாதிரியே இருக்கிறது. கையெழுத்தா ரப்பர் ஸ்டாம்பா என்று அந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டார்களா!

நெய்தல்:

கேத்தரின் கிரேயைப் பற்றி இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள் ஐயா. என் கண்ணில் இந்தக் கதையிலேயே மிகப் பரிதாபமானவர் அவர்தான்.

1560 டிசம்பரில் ஹெர்ட்ஃபர்ட் பிரபுவை ரகசியமாக மணந்தார். ராணியின் அனுமதி இல்லை. சாட்சி ஒரே ஒருவர், மாப்பிள்ளையின் தங்கை ஜேன் சீமோர். (ஹென்றியின் மனைவியாக இருந்த ஜேன் இல்லை, அவருடைய அண்ணன் மகள்.) சில மாதத்தில் அந்தப் பெண் இறந்துபோனார். தாலி கட்டி வைத்த பாதிரியார் யாரென்றே தெரியவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. கணவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கேத்தரின் தொலைத்துவிட்டார். அதற்குள் வயிற்றில் பிள்ளை. 1561இல் டவருக்கு அனுப்பினார்கள். செப்டம்பரில் அங்கேயே ஆண் குழந்தை. சாட்சியும் இல்லை பாதிரியாரும் இல்லை, ஆகவே திருமணமே நடக்கவில்லை என்று 1562இல் தீர்ப்பு. பிள்ளை முறையற்றவன் ஆனான். டவர் காவல் அதிகாரி இரக்கப்பட்டு இருவரையும் சந்திக்க விட்டார், 1563 பிப்ரவரியில் இரண்டாவது ஆண் பிள்ளை! ஹெர்ட்ஃபர்டுக்கு 15,000 பவுண்டு அபராதம். அதன்பின் அந்த இருவரையும் சேரவே விடவில்லை. கேத்தரின் 1568 ஜனவரியில், காவலிலேயே, இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

ராணியின் ராஜதந்திரத்தைப் பாராட்டும்போது அதற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் சொல்லுங்கள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த முடிவால் இன்னொரு பெண்ணின் கல்யாணம் குற்றமாயிற்று.

சாளரம்:

நெய்தல் சொன்னதை வழிமொழிகிறேன். “ராஜதந்திரம்” என்ற சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. அது சூதாட்டம். 1562 அக்டோபரில் ஹாம்ப்டன் கோர்ட்டில் ராணிக்குப் பெரியம்மை வந்தது, பேச்சு நின்றுபோனது, பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். ஆலோசனை சபை கூடியது. சிலர் கேத்தரின் கிரே என்றார்கள், சிலர் ஹண்டிங்டன் பிரபு என்றார்கள். நினைவு திரும்பியதும் ராணி என்ன சொன்னார்? டட்லியை நாட்டின் காப்பாளராக்கி ஆண்டுக்கு 20,000 பவுண்டு கொடுங்கள் என்றார்! அன்று அவர் இறந்திருந்தால் உள்நாட்டுப் போர்தான். பிழைத்தது அம்மையின் தயவு. பிழைத்ததால்தான் இன்று நாம் அவரை மதியூகி என்கிறோம்.

(அவரைக் கவனித்துக்கொண்ட டட்லியின் சகோதரி மேரி சிட்னிக்கு அம்மை தொற்றி முகம் சிதைந்தது. அவரைப் பற்றி எந்தத் தொடரும் எடுப்பதில்லை.)

பழைய பேனா:

சூதாட்டம் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை, சாளரம். ஆனால் பந்தயம் வைக்காமல் விலகும் வழி அவருக்கு இருந்ததா? அன்றே கேத்தரினை அறிவித்திருந்தால் கத்தோலிக்கர் கிளம்பியிருப்பார்கள். மேரியை அறிவித்திருந்தால் புராட்டஸ்டண்டுகள், ராணியின் முக்கிய மந்திரி வில்லியம் செசில் உட்பட. இருவருக்கும் ஆசை காட்டிக்கொண்டே இருந்தால் இருவரும் காத்திருப்பார்கள்.

1566இல் நாடாளுமன்றம் ஒரு தந்திரம் செய்தது: வாரிசைப் பற்றிப் பேசினால்தான் வரிப்பணம். ராணி கொதித்துப்போனார். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே என்று கேட்டார். பேசக் கூடாது என்று தடை போட்டார், அது எங்கள் பேச்சுரிமைக்கு எதிரானது என்று கீழவை முணுமுணுத்தது. கடைசியில் கேட்ட வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தானே விட்டுக்கொடுத்து வாயை அடைத்தார். கஜானாவில் காசில்லாத ஒருவர் பணத்தை விடுகிறார், பெயரை மட்டும் சொல்லவில்லை. 1571இல் சட்டமே வந்துவிட்டது: ராணியின் சொந்த வயிற்றுப் பிள்ளை தவிர வேறு யாரையும் வாரிசு என்று எழுதுவது குற்றம்.

மிளகுத்தூள்:

1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தது இந்த அம்மையார்தானே? மிளகு வாங்கக் கப்பல் அனுப்ப ஒரு தாள் கிடைத்தது, வாரிசுக்கு மட்டும் தாள் கிடைக்கவில்லை.

கோட்டைவாசல்:

ஒரேயடியாக வேண்டாம் என்றே இருந்தார் என்று எழுதுகிறீர்கள். அலான்சோன் விஷயத்தை மறந்துவிட்டீர்களா? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பிரான்ஸ் ராஜாவின் தம்பி. வயது வித்தியாசம் 22. 1579 ஆகஸ்டில் நேரிலேயே பெண் பார்க்க வந்தார். அம்மைத் தழும்பு முகம், குட்டை உருவம். ராணி செல்லமாகத் “தவளை” என்றார். அவருக்கு 46 ஆகப்போகிறது. இன்னும் பிள்ளை பெற முடியும் என்று செசில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார், வயதான பிறகு பிள்ளை பெற்ற சவாய் கோமகளை உதாரணம் காட்டி. அக்டோபரில் ஆலோசனை சபை நாள்கணக்கில் பேசியும் உறுதியாக ஆதரிக்கவில்லை. ராணி அழுதார். இருபது வருடமாகக் கல்யாணம் செய் என்று நச்சரித்தவர்கள், அவர் சரி என்று வரும்போது பின்வாங்கினார்கள்!

அதே நேரம் ஜான் ஸ்டப்ஸ் என்ற புராட்டஸ்டண்ட் வக்கீல் இந்தச் சம்பந்தத்தைத் திட்டி ஒரு துண்டுப்பிரசுரம் போட்டார். நவம்பரில் அவர் வலக்கையை வெட்டினார்கள். இடக்கையால் தொப்பியை எடுத்து, ராணி வாழ்க என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார். கூட்டம் சத்தமே போடவில்லை. எந்தச் சட்டத்தில் தண்டித்தார்கள் தெரியுமா? மேரியும் ஃபிலிப்பும் ஆண்டபோது அவதூறுக்கு எதிராகப் போட்ட சட்டம். மேரியோடு அது செத்துவிட்டது என்று வாதாடிய வக்கீலையும் உள்ளே வைத்தார்கள்.

1581 நவம்பரில் வைட்ஹாலில் எல்லோர் முன்னாலும் அலான்சோனை முத்தமிட்டு மோதிரமும் கொடுத்தார். மறுநாளே பின்வாங்கினார். 1582 பிப்ரவரியில் பணம் கொடுத்து வழியனுப்பினார். இது முழுக்க நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

தாழைக்கரை:

நான் இங்கிலாந்தையே மணந்துவிட்டேன் என்று முடிசூட்டு மோதிரத்தைக் காட்டிச் சொன்னாரே, அதுவும் நடிப்பா?

பழைய பேனா:

மோதிரக் கதையைக் கவனமாகக் கையாளுங்கள். 1559 நாடாளுமன்றத்தில் அப்படிச் சொன்னதாக எழுதியவர் வில்லியம் காம்டன், அதுவும் இவருக்குப் பின் ஜேம்ஸ் ஆண்ட காலத்தில். அந்த நேரத்துப் பிரதிகளில் பளிங்குக் கல் இருக்கிறது, மோதிரம் இல்லை. கன்னி ராணி என்ற பிம்பம் பட்டமேறிய நாளிலிருந்தே இருந்ததாக நாம் நினைக்கிறோம். அது பெருமளவு அலான்சோன் சம்பந்தத்தை எதிர்த்த காலத்தில் வளர்ந்தது. கோட்டைவாசலோடு இதில் நானும் உடன்படுகிறேன்: 1579இல் அவர் உண்மையாகவே யோசித்தார். அது போன பிறகுதான் வாரிசு விஷயம் ஒரே பெயரை நோக்கி ஒதுங்கியது.

சாளரம்:

அந்த ஒரே பெயர் வருவதற்குள் ஒரு தலை உருள வேண்டியிருந்தது. 1568இல் ஸ்காட்லாந்து மேரி ஓடிவந்து அடைக்கலம் கேட்டார். 19 வருடம் காவல். 1569 வடக்குக் கலகம், ரிடோல்ஃபி சதி, பேபிங்டன் சதி, எல்லாம் அவர் பெயரில். பேனா ஐயா சொன்ன உதிக்கும் சூரியன் வாதம் இங்கே பலிக்கவில்லை பாருங்கள். வாரிசு என்று அறிவிக்காமலேயே மேரியைச் சுற்றிச் சதி நடந்தது.

1584இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட உறுதிப்பத்திரம் ஒன்று உண்டு: ராணியைக் கொன்றால், யாருக்காகக் கொன்றார்களோ அவரையும் கொல்வோம். அடுத்து செசில் கொண்டுவந்த யோசனைதான் விசித்திரம். ராணி இறந்தால் ராஜா இல்லாத இடைக்காலத்தில் ஒரு பெருஞ்சபை ஆளட்டும், நாடாளுமன்றம் வாரிசைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். 1580களில் ஒரு மந்திரி இப்படி எழுதுகிறார்! ராணி ஏற்கவில்லை.

பழைய பேனா:

பலிக்கவில்லை என்பது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அறிவித்திருந்தால் மேரியின் தலையை 1587இல் ஃபாதரிங்கேயில் வெட்டியிருக்க முடியாது. சட்டப்படியான அடுத்த ராணி ஆகியிருப்பார்.

மேரிக்குப் பின் அவர் மகன் ஜேம்ஸ். புராட்டஸ்டண்ட், ஆண், பிள்ளைகுட்டிக்காரர். 1586இலிருந்து எலிசபெத் அவருக்கு உதவித்தொகை அனுப்பினார், சில வருடம் தாராளமாக, சில வருடம் கிள்ளி. பெயரை மட்டும் சொல்லவில்லை. அதைக் கேட்ட பீட்டர் வென்ட்வர்த் என்ற உறுப்பினர் 1593இல் டவருக்குப் போனார், 1597இல் அங்கேயே இறந்தார். 1601 முதல் செசிலின் மகன் ராபர்ட், ராணிக்குத் தெரியாமல் ஜேம்ஸுக்கு ரகசியக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் தயார் செய்தார். 1603 மார்ச் 24 விடியுமுன் ரிச்மண்டில் ராணி இறந்தார். ராபர்ட் கேரி குதிரையேறி 26ஆம் தேதி இரவு எடின்பரோ சேர்ந்து ஜேம்ஸிடம் சொன்னார். ஒரு வாள்கூட உருவப்படவில்லை.

நெய்தல்:

உயிலின்படி பார்த்தால் அன்று அரியணை கேத்தரின் கிரேயின் மூத்த மகனுக்குப் போயிருக்க வேண்டும், டவரில் பிறந்த அதே பையனுக்கு. 41 வயது, உயிரோடு இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

தாழைக்கரை:

அந்தப் பளிங்குக் கல் கடைசியில் கிடைத்ததா?

கோட்டைவாசல்:

கிடைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஜேம்ஸ் கட்டிக் கொடுத்தார், 1606இல் முடிந்தது. மேலே எலிசபெத் சிலை மட்டும். உள்ளே அக்கா மேரியும் இருக்கிறார், சிலை கிடையாது, பெயர் மட்டும் கல்வெட்டில் உண்டு. தன் அம்மா ஸ்காட்லாந்து மேரியின் உடலை 1612இல் பீட்டர்பரோவிலிருந்து அதே அபேக்குக் கொண்டுவந்தார் ஜேம்ஸ். எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறை இதைவிடப் பெரியது.